காய்ச்சல் வலிப்பு பற்றி ஒரு திருத்தம்

காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்தால் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது, பின்னாளில் காக்காய் வலிப்பு நிச்சயம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல என்பதைப் பணிவோடு சொல்கிறேன்.

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஃப்ளூ, ரோசியோலா போன்ற சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் காரணம். கைகால் முழுவதும் வெட்டி, சில நிமிடங்களில் தானாக அடங்கி, அன்றே மறுபடி வராமலிருந்தால் அது எளிய வகை. இதனால் மூளை பழுதாவதில்லை. பின்னாளில் காக்காய் வலிப்பு வருவது இவர்களில் 100க்கு சுமார் 2 பேருக்கு. காய்ச்சல் வலிப்பே வராதவர்களிலும் 1 முதல் 2 பேருக்கு வருகிறது.

என் அக்கா மகளுக்கு 14 மாதத்தில் வந்தது. கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்து, இரண்டே நிமிடம். அக்காவின் கை அன்று முழுக்க நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நிலையில் இருக்கும் தாய் உங்கள் வரிகளைப் படித்தால் என்ன ஆவாள்?

சரிபார்ப்பது எளிது. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இணையதளத்தில் 'ஃபெப்ரைல் சீஷர்ஸ்' (காய்ச்சல் வலிப்பு) பக்கத்தில் இதைப் பற்றிய விளக்கம் இருக்கிறது. குழந்தை மருத்துவர் யாரிடம் கேட்டாலும் சொல்வார். ஆனால் 5 நிமிடம் தாண்டினாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை தெளியாவிட்டாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். முதல் முறை வந்தால், அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.