குட்டிக்கு ஒரு மாதமாவது கொடுங்கள்

எங்கள் வீட்டுக்குச் சுக்கு வந்து இன்றோடு 70 நாள் ஆகிறது. ஐப்பசி மழையில் ரேஷன் கடைப் படிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய்க்குட்டி. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. என் மகள் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். நிறத்தைப் பார்த்துவிட்டு அம்மா ‘சுக்கு’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு எப்படித் திருப்பி விடுவது?

இதை எழுதக் காரணம், எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஆசை ஆசையாக வாங்கிய லாப்ரடார் குட்டியைப் பதினோராம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டது. “ராத்திரி பூரா கத்துது, வீடெல்லாம் நாறுது, பிள்ளையைக் கடிக்குது” என்றார்கள். மூன்றும் எங்கள் வீட்டிலும் நடந்தன. அது அந்தக் குட்டியின் குணம் இல்லை, அந்த வயசு. இத்தனைக்கும் அதைப் பிறந்து 35 நாளில் விற்றிருக்கிறார்கள். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தெரிந்துகொள்ளும். அந்த நாட்களை நாமே பறித்துவிட்டு, கடிக்கிறது என்று குறை சொல்வது என்ன நியாயம்?

முதல் ராத்திரி சுக்கு அழுத அழுகையில் கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. “அழ விடு, தானா பழகிடும்” என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அம்மா கேட்கவில்லை. “நாலஞ்சு குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு கிடந்து தூங்கினது, தனியாப் படுன்னா அழாதா?” என்றார். என் கட்டிலை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டி, அதில் அவருடைய பழைய சுங்குடிச் சேலை, துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டில். நான் ஒரு கையைத் தொங்கவிட்டு அதன் முதுகில் வைத்தபடி படுத்தேன். கையை எடுத்தால் முனகும். நான்கு ராத்திரி இப்படி. ஐந்தாம் நாள் தானே சுருண்டு படுத்துக்கொண்டது.

மூத்திர விஷயத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். இரண்டாவது வாரம், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கூடத்தில் மிதித்துவிட்டேன். பேப்பரைச் சுருட்டி ஒரு அடி போட்டேன். மூக்கை அதிலேயே தேய்த்தால்தான் புத்தி வரும் என்று ஒரு உறவினர் சொல்லியிருந்தார், அதையும் செய்தேன். அதற்குப் பிறகு சுக்கு கூடத்தில் பெய்யவில்லை. பீரோவுக்குப் பின்னால் போய்ப் பெய்தது. மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனால் என் முன்னால் பெய்யாது. காதை மடக்கி, வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு, என் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள் பெய்யக் கூடாது என்று அது கற்றுக்கொள்ளவில்லை, இந்த ஆள் பார்க்கும்போது பெய்யக் கூடாது என்றுதான் கற்றுக்கொண்டது. ஒரே ஒரு அடிதான். அதைச் சரி செய்ய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

கால்நடை மருத்துவர் சொன்ன கணக்கு எளிது. குட்டிக்கு எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போக வேண்டும். தரையை மோந்துகொண்டு வட்டமடித்தால் ஓட வேண்டியதுதான். மாடி மூலையில் பழைய தொட்டியில் மணல் கொட்டி வைத்தோம். அங்கே பெய்த உடனே வேகவைத்த கோழி ஒரு துணுக்கு, ஒரு தடவல். உள்ளே பெய்தால் ஒரு வார்த்தை பேசாமல் துடைத்துவிடுவோம்.

கடியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். விளையாட்டில் மகளின் மணிக்கட்டில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. “குட்டிதானே, மஞ்சள் வை” என்றார்கள். வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினோம், நேராக அரசு மருத்துவமனைக்குப் போனோம். அன்றைக்கு, 3, 7, 28-ம் நாள் என ஊசி, காசு கிடையாது. வெறிநோய்க்குக் குட்டி, பெரியது என்ற வித்தியாசம் தெரியாது. சுக்குக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்கான ஊசிகள் அதற்கு முன்பே ஆரம்பித்தாயிற்று. பால்சோறு வேண்டாம், மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கும் என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். வெங்காயம் நாய்க்கு விஷம் என்பதால் மிச்ச சாம்பார் சாதமும் கிடையாது.

ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் உலகத்தைக் காட்டாமலும் வைக்கக் கூடாது, அந்த வயதில் பார்க்காததற்கெல்லாம் பின்னால் மிரளும். அதனால் தினமும் சாயங்காலம் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆட்டோ, பால்காரர், குடை பிடித்த ஆள், கோயில் மணி என்று எல்லாம் காட்டினேன். மிக்ஸிச் சத்தத்துக்கு முதலில் கட்டிலுக்கடியில் ஓடியது. அம்மா தூரத்தில் வைத்து ஒரு சுற்று விட்டு, ஒரு இட்லித் துண்டு போடுவார். இப்போது சட்னி அரைக்க மூடியை எடுத்தாலே வந்து நிற்கிறது.

இவ்வளவும் யார் செய்தது என்று பார்த்தால், பாதிக்கு மேல் அம்மாதான். வாங்கித் தரச் சொல்லிக் கேட்பது பிள்ளைகள், வாங்கித் தருவது அப்பாக்கள், துணி பிழிந்து தரை துடைப்பது வீட்டுப் பெண்கள். பிறந்தநாள் பரிசாகக் குட்டி வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் அவர்களைக் கேளுங்கள். இப்போது காலை ஐந்து மணி மாடி என் வேலை, பள்ளி விட்டு வந்ததும் மகள், மதியம் மட்டும் அம்மா. இதை முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

போன வாரம் பாயில் ஒரு பால்பல் கிடந்தது, உடைந்த அரிசி அளவு. அம்மா அதைப் பொட்டு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார்.

நேற்று ராத்திரி மூன்று மணி இருக்கும். தொங்கிக்கொண்டிருந்த என் கையில் ஈர மூக்கு பட்டது. கண்ணைத் திறந்தேன். சுக்கு கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தது, மறுபடி வந்து கையைத் தொட்டது. மாடிக் கதவைத் திறந்துவிட்டேன். நான் பக்கத்தில் நிற்கும்போதே மணலில் உட்கார்ந்து பெய்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது.