தீவுக்காரர் தட்டில் என்ன விழும் என்பதைக் கப்பல் முடிவு செய்கிறது

தீவு என்று சொன்னாலே நம் ஊர்க்காரர்களுக்கு மாலத்தீவு ஹனிமூன் போட்டோதான் ஞாபகம் வருகிறது. அங்கெல்லாம் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று பேச்செடுத்தால், "சுத்தி கடல், மீனுக்கா பஞ்சம்?" என்று உடனே கேட்கிறார்கள்.

பஞ்சமில்லைதான். ஆனால் அந்த மீன் யார் வயிற்றுக்குப் போகிறது? காசிமேட்டில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம், வஞ்சிரம் எல்லாம் வீட்டில் செய்வீங்களா என்று கேட்டேன். "அது துட்டும்மா, வூட்டுக்கு எடுத்துனு போயிட்டா வட்டிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சிரித்தார். பசிபிக்கில் கிரிபட்டி என்ற நாட்டின் கதையும் கிட்டத்தட்ட இதேதான், அளவுதான் பெரியது. சூரை மீன் கொட்டிக்கிடக்கும் கடல் அவர்களுடையது, பிடிப்பதில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கப்பல்கள், அரசின் முக்கிய வருமானமே அந்தக் கப்பல்கள் மீன்பிடிக்கக் கட்டும் உரிமக் கட்டணம். மக்கள் தொகையில் பாதிப்பேர் நெருக்கியடித்து வாழும் தெற்கு தராவாவில் தட்டில் இருப்பது கப்பலில் வந்த அரிசி, சர்க்கரை, டின் கறி. நிலத்தடி நன்னீரோ கடல் நீருக்கு மேல் மெல்லிய ஏடாகத்தான் இருக்கும், அதிலும் கழிவு கலக்கும், உப்பு ஏறும். அந்தத் தண்ணீரில் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. உப்புத் தண்ணீர் போர்வெல்லும் லாரித் தண்ணீரும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருவது பசிபிக்கின் இன்னொரு தீவு நாடான சமோவா விஷயத்தில். வான்கோழியின் வால் பகுதி, கொழுப்பு மிகுந்தது, அமெரிக்காவில் பலர் சீண்டாத அந்தத் துண்டு உறைய வைத்துத் தீவுகளுக்கு வந்து மலிவாக விற்றது. 2007ல் சமோவா அதன் இறக்குமதியைத் தடை செய்தது. அப்புறம் உலக வர்த்தக அமைப்பில் சேரப் போனால், தடையை எடு என்றார்கள். 2012ல் உறுப்பினர் ஆனார்கள், 2013ல் தடை போனது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொழுப்பு மிகுந்த ஆட்டு வயிற்றுக்கறியை பிஜி 2000லேயே நிறுத்தியிருந்தது. தன் பிள்ளைகளுக்கு எது வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கே ஒரு குட்டி நாடு வெளியே போய்க் கையேந்த வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு அங்குள்ள தாய்மாருக்கு "சத்தாகச் சாப்பிடுங்கள்" என்று போஸ்டர் ஒட்டி என்ன பயன்?

அதே பசிபிக்கில், மைக்ரோனேசியா நாட்டின் போன்பெய் தீவில் கராட் என்று ஒரு வாழை உண்டு, உள்ளே ஆழ்ந்த மஞ்சள், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்தது. பால்குடிப் பிள்ளைக்கு முதலில் ஊட்டும் உணவாக இருந்தது அதுதான். அமெரிக்க நிர்வாகக் காலத்தில் வெள்ளை அரிசியும் டின் உணவும் வந்து குவிய, சில தலைமுறைகளில் கொல்லையில் இருந்த பழத்துக்கு மதிப்புப் போய்விட்டது, அதே தீவில் சின்னப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வைட்டமின் ஏ குறைபாடு. பிறகு உள்ளூர்க்காரர்களே இயக்கம் நடத்தி, ஸ்டாம்பில்கூட அந்த வாழையைப் போட்டு, கொஞ்சம் மீட்டார்கள்.

நம் பக்கத்திலேயே லட்சத்தீவு இருக்கிறதே. 2021ல் அங்கே பள்ளி மதிய உணவிலிருந்து கோழியையும் மாட்டுக்கறியையும் நிர்வாகம் எடுத்தது, மீனும் முட்டையும் போதும் என்றது. வழக்கு கேரள உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், கொள்கை முடிவில் தலையிட முடியாது என்று 2023ல் முடிந்தது. மீனும் முட்டையும் நல்ல சாப்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சமைத்துப் போடும் அம்மாக்களை யாராவது கேட்டார்களா? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் லட்சத்தீவுப் பெண்களில் ரத்தசோகை 25.8 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4. இறைச்சி மட்டுமே காரணம் என்று ஒரே போடாகப் போட மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் இடத்தில் நாம் இல்லை.

நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமானால் தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணம், ஊட்டச்சத்துப் பெட்டகம். குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு, பள்ளியில் முட்டை. நடுவில் பதினாறு, பதினேழு வயதில் இருக்கும் பெண்ணுக்கு? வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து அதையும் பலர் பேனா டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயப்படாதே என்று சொல்ல ஒரு நிமிடம் போதும், சொல்ல ஆளில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச்சத்து உடம்பில் சேராது என்றும் யாரும் சொல்வதில்லை. அவள்தான் நாலைந்து வருடத்தில் ரத்தமே இல்லாமல் பிரசவத்துக்கு வந்து நிற்கிறாள். தீவென்றால் அப்போது ரத்த வங்கியும் கடலுக்கு அந்தப் பக்கம்.

சென்னை தீவுகளுக்குச் சொல்லித்தர ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. கர்ப்பகால சர்க்கரைக்கு இங்கே டாக்டர் வி. சேஷய்யா விடாமல் வலியுறுத்திய பரிசோதனை. வெறும் வயிற்றில் வா, நாளைக்கு வா என்ற பேச்சே இல்லை. சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், 140க்குப் போனால் சர்க்கரை. 2007ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று கொண்டுவந்தது. பஸ் பிடித்து வருபவளை மனதில் வைத்துச் செய்த முறை இது, படகு பிடித்து வருபவளுக்கும் அப்படியே பொருந்தும். திரும்பிப் போகும் படகுக்குள் வேலை முடிந்துவிடும்.

திட்டம் போடுபவர்கள் இப்படித்தான் யோசிக்க வேண்டும் என்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுகிறீர்கள், சரி. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சத்துமாவும் மாத்திரையும் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டதா? சிக்கலான பிரசவம் என்று தெரிந்து ஒரு மாதம் முன்பே கரைக்கு அனுப்பினால் அவள் எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள், ஊரில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? நம் மலைக் கிராமத்துப் பெண்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்தோமே, அதையே துறைமுகத்துப் பக்கத்தில், கூட ஒரு ஆள் தங்குகிற மாதிரி, மூன்று வேளைச் சாப்பாட்டோடு வைக்கலாம். பெரிய செலவெல்லாம் ஆகாது.