டெல்டா பருத்தியின் பூர்வீகம் குறித்து

திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் நெல் அறுவடைக்குப் பின் விதைக்கப்படும் பருத்தி, சிந்துவெளியில் பயிரான செடியின் நேர் வாரிசு என்று ஒருவர் குறிப்பிட்டுள்ளார். இத்துணைக்கண்டத்தின் பருத்தித் தொன்மையை நானும் மறுக்கவில்லை. பலுசிஸ்தானின் புதிய கற்கால ஊரான மெஹர்கரில், அணிகலனில் கோக்கும் செப்பு மணிக்குள் பருத்தி இழைகளே கிடைத்திருக்கின்றன. ஆயினும் இங்கு தோன்றிய ஆசியப் பருத்தி 26 குரோமோசோம்கள் கொண்டது. கரிசல் நிலத்து நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி அவ்வினமே. டெல்டாவில் இன்று பெரும்பாலும் பயிராவதோ, மெக்சிகோப் பகுதியில் வேளாண் பயிராகி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கு வந்துசேர்ந்த, 52 குரோமோசோம்கள் கொண்ட காசிப்பியம் ஹிர்சுட்டம் என்ற வேறொரு பருத்தி இனம்.

இதை அறிய ஆய்வகம் தேவையில்லை. காயைச் சூழ்ந்துள்ள மூன்று பச்சைச் செதில்களைக் கவனியுங்கள்: விளிம்பு நீண்ட பற்களாக ஆழப் பிளந்திருந்தால் அது அமெரிக்கக் கண்டத்து இனம், பிளவின்றியோ, நுனியில் மட்டும் சில சிறு பற்களுடனோ இருந்தால் கருங்கண்ணியின் இனம். இரகத்தின் பெயர் தெரிந்தவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் சாகுபடிக் கையேட்டிலும் சரிபார்க்கலாம்.