விவசாய பீடம் கிடைத்த பிள்ளை வரலாறும் படிக்கட்டா என்கிறாள்

மருமகளுக்கு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விவசாய பீடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். போன கிழமை தனியாக வந்து, "மாமா, வெளிவாரியா வரலாறும் படிக்கட்டா?" என்று கேட்டாள். தகப்பனிடம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். தகப்பன், அதாவது என் மச்சான், சொன்ன பதில்: "கலை படிச்சுக் காந்திப் பூங்காவில போய்க் குந்தவா?"

மச்சான்மேல் எனக்குக் கோபமில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் அந்தப் பூங்காவில் மாதக்கணக்காக இருந்ததை மட்டக்களப்பில் யார் மறப்பார்? பெண்பிள்ளையைப் பெற்றவர் பயப்படத்தான் செய்வார். சோறு போடும் படிப்பு முதலில் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது ஒன்றே போதும் என்று சொன்னால் ஏற்கமாட்டேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு வீடமைப்புத் திட்டமொன்றில் வேலை செய்தேன். 24 வயது, கையில் கட்டட டிப்ளோமா. அத்திவாரம், கலவை, கம்பி எல்லாம் தெரியும். குடும்ப விபரம் எடுப்பதும் என் வேலைதான். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். புருசனின் பெயரை எழுதினேன். கூட வந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, இது எண்ட வளவு. எண்ட அம்மா எனக்குத் தந்தது, நான் மகளுக்குக் குடுக்கிறது. அவர்ர பேரை ஏன் எழுதுறீங்க?"

"படிவம் அப்பிடித்தான் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போனேன்.

நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. தமிழரிடமும் அப்படித்தான், முஸ்லிம்களிடமும் அப்படித்தான். குடி என்கிற குலப்பிரிவும் தாய் வழியாகத்தான் வருகிறது. ஒரு காலத்தில் தாய்வழிச் சொத்துரிமைக்கு முக்குவச் சட்டம் என்றே ஒன்று இங்கே வழக்கில் இருந்தது. இது எனக்குத் தெரியாத விசயமா? என் அக்கா இன்றைக்கும் அம்மா கொடுத்த வீட்டில்தான் இருக்கிறா. ஆனால் படிவத்தைக் கையில் எடுத்தபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை. தாய் மகளுக்குக் கொடுத்துவந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு ஆணின் பெயருக்குப் போனது. பிறகு அந்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது காணி உறுதியால் பிரச்சினை வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நாலு வருசம் கழித்து வெளிவாரியாகக் கலைமாணிக்குப் பதிந்தேன். ஒரு சனிக்கிழமை சமூகவியல் வகுப்பில் தாய்வழிச் சொத்துரிமை பற்றிப் பாடம் நடந்தது. அன்று நான் ஒரு வரியும் எழுதி எடுக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எத்தனை ஆண்களின் பெயரை எழுதினேன் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மருமகளும் நாளைக்கு இப்படித்தான் ஒரு படிவத்தோடு வாவிக்கு மேற்கே வயல் ஊர்கள் இருக்கிற படுவான்கரைக்குப் போய் நிற்பாள். எந்த நெல், எவ்வளவு பசளை என்று பீடம் சொல்லித்தரும். அந்த வயல் யாருடையது, யார் குத்தகைக்குச் செய்கிறார், வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்கவும் அவளுக்குத் தெரிய வேண்டும். அம்பாறைப் பக்கம் வேலை கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். 1949 இல் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் தொடங்கிய பிறகு யார் எங்கே குடியேறினார்கள், அதனால் ஊர்களுக்கிடையில் என்ன வந்தது என்று தெரியாமல் அங்கே வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகக்கூடாது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்தரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். அவர் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றது ஒரே ஆண்டில், 1916 இல். பிறகு லண்டன் விஞ்ஞானமாணிப் பட்டமும் எடுத்தார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ் நூலை எழுதியபோது இரண்டு படிப்பும் அவருக்குத் தேவைப்பட்டன. அவருடைய சிலையைக் கடந்து போகிற நாங்கள்தான் பிள்ளைகளிடம் இதா அதா என்று கேட்கிறோம்.

சரி, கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு உள்வாரிப் பட்டங்களுக்குப் பதிய விடமாட்டார்கள். வெளிவாரிக்குப் பதிவதென்றாலும் முதலில் பீடத்தில் ஒழுங்குவிதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் வருசம் விவசாயம் மட்டும் போதும். பரீட்சை எப்படி என்று தெரியட்டும். இன்னொன்று, யாரோ எழுதிய நோட்ஸைப் பாடமாக்கிப் பேருக்குப் பின்னால் ஒரு பட்டம் போடுவதற்கென்றால் வேண்டவே வேண்டாம், அந்தச் சனி ஞாயிறில் நித்திரை கொள்ளலாம். எனக்கு ஆறு வருசம் எடுத்தது. இரண்டு தடவை இடையில் விட்டேன்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அப்ப அப்பாவோட யார் பேசுற?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை களுவாஞ்சிக்குடிக்குப் போகிறேன்.