பேட்ஜ் கொடுத்தாச்சு, நோட்டு?

போன மாதம் என் மகள் பள்ளியில் பதவியேற்பு விழா. பதினோராம் வகுப்பு, ஹவுஸ் துணை கேப்டன். தோளில் குறுக்காக ஒரு பட்டை, நெஞ்சில் பேட்ஜ், கையை நீட்டி உறுதிமொழி, பெற்றோருக்கு முன்வரிசை நாற்காலி, கடைசியில் குரூப் போட்டோ. போட்டோவுக்குத் தனிக் காசு. நானும் வாங்கினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "சரி, உனக்கு என்ன வேலை?"

யோசித்தாள். "பிரேயர்ல லைன் நேரா நிக்க வைக்கணும்மா. மிஸ் இல்லாத பீரியட்ல பேசுறவங்க பேரை போர்டுல எழுதணும்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"கூட்டம் ஏதும் போடுவீங்களா?"

"எதுக்கு?"

அந்த 'எதுக்கு' ஒரு மாதமாக என்னைக் குடைகிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

நான் படித்தது அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 1996இல் பதினோராம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காகத் தமிழம்மா என்னை இலக்கிய மன்றச் செயலாளர் ஆக்கினார். பேட்ஜ் கிடையாது, உறுதிமொழி கிடையாது. அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்தார். மன்றப் பதிவேடு. எனக்கு முன்னால் இருந்த ஏழெட்டு அக்காக்களின் கையெழுத்து அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கூட்டம். யார் தலைமை, யார் என்ன பேசினார்கள், என்ன முடிவு என்று எழுத வேண்டும். அடுத்த வாரம் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் கவர்ச்சியாக ஒன்றுமே இல்லை. பேச்சுப் போட்டியில் கப் வாங்குகிறவளைத்தான் ஊருக்குத் தெரியும்.

அந்த வருட ஆண்டு விழாவை நாங்களே நடத்தினோம். தலைக்கு 2 ரூபாய் வசூல். மைக்செட்காரரிடம் பேரம் பேசியது நாங்கள், சாமியானா வேண்டாம், வேப்ப மரத்தடி போதும் என்று முடிவெடுத்ததும் நாங்கள். சிறப்பு விருந்தினர் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அழைப்புக் கடிதம் எழுதியது நான்.

விழா அன்று மாலை மூன்று மணி, மூன்றரை, நாலு. ஆளைக் காணோம். குத்துவிளக்குத் திரி காற்றில் அணைந்து அணைந்து போகிறது. மைக்செட்காரர் ஒரே பாட்டை மூன்றாம் முறை போடுகிறார். கடைசியில் தலைமை ஆசிரியையே சிறப்புரையும் ஆற்றி முடித்தார். மறுநாள், நாங்கள் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது, வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் டிவிஎஸ் 50இல் வந்து கேட்டருகே இறங்கினார். கையில் என் கடிதம். தேதி சரி, கிழமை தப்பு. அவர் கிழமையை நம்பிவிட்டார்.

தமிழம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, எங்கள் வகுப்பிலேயே பத்து நிமிடம் பேச வைத்து அனுப்பிவிட்டு, பதிவேட்டை என் முன்னால் வைத்தார். "எழுது." எழுதினேன்: 'சிறப்பு விருந்தினர் வருகை தரவில்லை. அழைப்புக் கடிதத்தில் செயலாளர் கிழமையைத் தவறாகக் குறிப்பிட்டதே காரணம்.' அடுத்த வெள்ளிக்கிழமை அதை நாற்பது பேருக்கு முன்னால் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வரி வரவு செலவு. கையிருப்பு 11 ரூபாய் 50 காசு.

இப்போது நான் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் எது வந்தாலும் மாப்பிள்ளை பெயரைப் பார்ப்பதற்கு முன் காலண்டரை எடுப்பேன். கடையில் எல்லாருக்கும் இது கேலி.

மன்றம், குழு, கிளப், ஹவுஸ் என்று என்ன பெயர் வைத்தாலும், பிள்ளைகள் கையில் ஒரு வேலை, கொஞ்சம் பணம், தப்பு செய்ய இடம், இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது குழு இல்லை, பொம்மைக் கொலு. போட்டிக்குக் கூட்டிப் போவது வேறு, நடத்தக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் இன்று பல பள்ளிகளுக்கு மறந்தே போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் பழைய ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் இது இருந்தது. பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவுக்கு இருபது பையன்கள் போலக் கூட்டிப் போய் முதல் சாரணர் முகாம் நடத்தியபோது செய்த முதல் காரியம், அவர்களை நாலு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்து, பொறுப்பை அவன் தலையில் கட்டியதுதான். சாரணர் இயக்கம் நூறு வருடம் தாண்டியும் நிற்பதற்கு அந்த அணி முறை ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். நம் ஊரில் பல இடங்களில் மிஞ்சியது கழுத்துத் துணியும், ஆகஸ்ட் 15 அணிவகுப்பும்.

என்எஸ்எஸ் எனும் நாட்டு நலப்பணித் திட்டமும் அப்படித்தான். 1969இல் காந்தி நூற்றாண்டின்போது 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பின்னால் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. பேட்ஜில் கோனார்க் தேர்ச் சக்கரம், எட்டு ஆரக்கால், இருபத்துநாலு மணி நேரம் என்று எங்கள் டீச்சர் விளக்குவார். ஏழு நாள் முகாமில் என்னை உணவுக் குழுவில் போட்டார்கள். ஐம்பது பேருக்குச் சாம்பார். வீட்டில் ஐந்து பேருக்கு எவ்வளவு பருப்போ அதைப் பத்தால் பெருக்கினோம். பருப்பு சரியாகத்தான் வந்தது. உப்பையும் பெருக்கினோம். அன்றைக்கு அந்த ஊரில் மோர் ஊற்றாத வீடு இல்லை. ரோட்டோரம் நாங்கள் வெட்டிய கருவேல முள் ஒரே மழையில் திரும்ப முளைத்திருக்கும், ஆனால் உப்பை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. கருணாநிதி திருவாரூரில் பள்ளிப் பையனாக இருக்கும்போது 'மாணவ நேசன்' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார், மாணவர் மன்றம் ஒன்றையும் தொடங்கினார். அவர் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், கமெண்டில் அந்தச் சண்டை வேண்டாம். நான் சொல்ல வருவது, ஒரு பையன் தானே எழுதி, தானே படியெடுத்து, தானே கொண்டு போய்க் கொடுத்தான் என்பதை.

இப்போது அரசுப் பள்ளிகளில் நிறைய நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் கலைத் திருவிழா வந்தது, அதே வருடம் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துப் படிக்க வானவில் மன்றம் வந்தது, 2024இல் மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பெயரில் ஐந்து குழுக்கள். பெயரைப் பார்த்தபோது எனக்கே திரும்பப் பள்ளிக்குப் போகலாம் போல இருந்தது. மேடையே பார்க்காத பிள்ளை மாவட்டம் தாண்டி மாநிலப் போட்டி வரை போய்ப் பறை அடித்துவிட்டு வருகிறது, சின்ன விஷயமா அது? ஆனால் அந்த மேடையைப் போடுவது யார், பட்டியல் எழுதுவது யார், பஸ்ஸுக்குப் பேசுவது யார்? டீச்சர். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், ஜூனியர் ரெட்கிராஸ், பசுமைப் படை, இலக்கிய மன்றம் மூன்றையும் ஒரே ஆளாகச் சுமக்கிறார். "மரம் நடுறது அஞ்சு நிமிஷம்க்கா, அதைப் போட்டோ எடுத்து அறிக்கை அனுப்புறது அரை நாள்" என்றார். அந்த அறிக்கையைப் பிள்ளைகளிடம் எழுதக் கொடுங்களேன் என்றேன். "தப்பா எழுதிட்டா?" என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே.

தனியார் பள்ளிக் கதை வேறு மாதிரி. அங்கே எட்டாம் வகுப்பு வரை கராத்தே, அபாகஸ், கீபோர்டு எல்லாம் உண்டு, எல்லாவற்றுக்கும் ஃபீஸ் உண்டு. ஒன்பதில் காலை வைத்ததும் திரை விழுந்துவிடும். பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவுகிறார்கள் என்றுதான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26இல் அதை எடுத்தும் விட்டார்கள். மூச்சு விட ஒரு வருடம் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த வருடம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா, கோச்சிங்குக்குப் போகுமா? பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை குறைவு.

மார்க் முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். முதல் தலைமுறையாகப் படிக்கிற வீட்டுக்கு மார்க் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்தவள்தான். வாரத்தில் ஒரே ஒரு பீரியட், நாற்பது நிமிடம். அதைப் பிடுங்கி எந்தப் பிள்ளையையும் டாக்டர் ஆக்கிவிட முடியாது.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். முதல் மார்க் வாங்குபவளே மாணவத் தலைவி, அவளே மன்றச் செயலாளர், அவளே வரவேற்புரை. கடைசி பெஞ்சில் ஒருத்தி இருப்பாள், சந்தையில் அம்மாவோடு உட்கார்ந்து காய் விற்பவள், பேரம் பேசச் சொன்னால் மைக்செட்காரரை அழ வைத்துவிடுவாள். எங்கள் விழாவுக்கு வாடகையில் 40 ரூபாய் குறைத்தவள் அப்படி ஒருத்திதான். பத்தாம் வகுப்பில் கணக்கில் 36.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் போய்ச் சண்டை போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் "அம்மா ப்ளீஸ்" என்றாள். விட்டுவிட்டேன். அதற்குப் பதில் அச்சகத்திலிருந்து ஒரு நீள நோட்டு, கட்டம் போட்ட நோட்டுதான், பைண்டிங் நல்ல பைண்டிங், எடுத்து வந்து கொடுத்தேன். ஹவுஸ் மிஸ்ஸிடம் கேட்டு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கூட்டம் போடு, என்ன பேசினீர்கள் என்று எழுது, அது போதும் என்றேன். மூன்று வாரம் அது மேசையில் அப்படியே கிடந்தது. மேலே கெமிஸ்ட்ரி ரெக்கார்டு.

நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் தேதி, கிழமை, இரண்டும் சரி. அதற்குக் கீழே: 'வந்தவர்கள் 9 பேர். பெண்கள் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை என்று பேசினோம். தாழ்ப்பாள் விலை யாருக்கும் தெரியவில்லை. விசாரிக்க ஒருவர் வேண்டும் என்றதும் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவை மூடினார்கள். மணி அடித்துவிட்டது.'

காலையில் காபி குடிக்கும்போது கேட்டாள். "அம்மா, ஹார்டுவேர் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"