ஜெபிக்கிறேன் என்று சொன்னேன்

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, சபையில் பழக்கமான ஓர் அக்கா அருகில் வந்தார். "தம்பி, வியாழக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். "கண்டிப்பாக ஜெபிக்கிறேன் அக்கா" என்றேன். அப்போது பொய் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வியாழக்கிழமை வந்தது, போனது. எனக்கு ஞாபகமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே என்னைத் தேடி வந்தார். "நல்லபடியாக முடிந்தது தம்பி. நீங்களெல்லாம் முழங்காலில் நின்றதால்தான்" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. ஆனால் முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தலையைச் சற்றுத் தாழ்த்தி, "எல்லா மகிமையும் கர்த்தருக்கே அக்கா" என்றேன். குரல்கூடச் சரியான இடத்தில் தழுதழுத்தது.

மறந்தது பெரிய விஷயமில்லை, யாரும் மறப்பார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தழுதழுப்பு. அதை நான் தேடிப் பிடிக்கவில்லை. கேட்டதும் எடுத்துக் கொடுக்கும்படி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது. எத்தனை வருடப் பயிற்சி அது!

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இயேசு, பக்திமான்களாகக் காட்டிக்கொண்ட யூத மதப் பிரிவினரான பரிசேயரை "மாயக்காரர்" என்கிறார். பிற்பாடு வந்த மொழிபெயர்ப்பு ஒன்றில் அது "வெளிவேடக்காரர்". மூலமான கிரேக்கச் சொல் மேடை நடிகனைக் குறிப்பது என்பதால் வேடம்தான் பொருத்தம் என்பார்கள். எனக்கு என்னவோ மாயம்தான் சரியாகப் படுகிறது. வேடம் போட்டவனுக்குத் தான் போட்டிருப்பது வேடம் என்று தெரியும். மாயத்தில் முதலில் ஏமாறுகிறவன் அதைச் செய்கிறவனே.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்றையும் சொல்லி, மனிதர் காணும்படி இவற்றைச் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்கிறார் இயேசு. அங்கே வரும் கிரேக்க வினைச்சொல், அந்தக் காலத்து ரசீதுகளில் "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற பொருளில் எழுதப்பட்டது. இதைப் பல வருடங்களுக்கு முன்பே படித்திருக்கிறேன். ஒரு வேதபாட வகுப்பில் மற்றவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். அன்று வாசலில், செய்யாத வேலைக்கு ரசீது போட்டு முழுத்தொகையும் வாங்கிக்கொண்டேன். பரிசேயராவது உண்மையில் ஜெபித்தார்கள்.

நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவைத்து, மீதியை முழுத்தொகைபோலச் சபைக்குக் கொடுத்து, அங்கேயே விழுந்து இறந்த அனனியாவின் கதையை நாம் காணிக்கை பற்றிய எச்சரிக்கையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். இயேசுவின் சீடர் பேதுரு அவனிடம் கேட்டதைக் கவனியுங்கள்: விற்கும் முன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது? ஒரு பங்கைக் கொடுத்து "ஒரு பங்கு" என்று சொல்லியிருந்தால் குற்றமே இல்லை. ஒரு பங்கைக் கொடுத்து முழுசுக்கான பெயரை வாங்கப் பார்த்தான். "மறந்துவிட்டேன் அக்கா, மன்னியுங்கள்" என்றிருந்தால் என் தலை போயிருக்காது. அவருக்கு என்மேல் இருந்த அபிப்பிராயத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறலைத் தாங்க எனக்கு மனம் இல்லை. கர்த்தரின் முன் பொய்யனாக நிற்பதை மட்டும் எப்படியோ தாங்கிக்கொள்ள முடிந்தது. என் விசுவாசத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எது சொல்லிவிடும்?

"நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்" என்ற வசனம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது. வரும்போதெல்லாம் இன்னாருக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று மனம் ஒரு பட்டியல் போடும். அப்போஸ்தலன் பவுல் இந்த வசனத்தை எழுதிய கொரிந்து சபையாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்து பவுல் மூலமாகத்தான் பேசுகிறார் என்பதற்கு அவர்கள் அத்தாட்சி கேட்டார்கள். அதற்குப் பவுல் சொன்ன பதில் இது. பிறரை அளக்க நீட்டிய கோலை அவர்கள் பக்கமே திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் நம்மை நாமே சோதிப்பதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. கேள்வித்தாளை நானே தயாரித்து, நானே எழுதி, நானே திருத்தினால் எப்போதும் தேறிவிடுவேன். "பாவிகளில் பிரதான பாவி நான்" என்று ஜெபக்கூட்டத்தில் சொல்ல எனக்கு வலிப்பதே இல்லை. உண்மையில் கொஞ்சம் இதமாகக்கூட இருக்கும். அதே வாரம் என் மனைவி, "நீங்கள் இதுவரை ஒருமுறைகூட முதலில் மன்னிப்புக் கேட்டதில்லை" என்றபோது, எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. பிரதான பாவிக்கு ஒரே ஒரு பாவத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் பொறுக்கவில்லை!

"அமேசிங் கிரேஸ்" பாடலை எழுதிய ஜான் நியூட்டனை நினைத்துப் பார்க்கிறேன். 1748இல் கடும்புயலில் சிக்கி ஆண்டவரிடம் திரும்பியவர். அதன் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் போனார். மேல்தளத்தில் மாலுமிகளோடு ஆராதனை. கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். அவர் நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. மனமார ஜெபித்திருப்பார் என்பதுதான் பயங்கரம். அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே 40 வருடங்கள். உண்மையான கண்ணீர் விடுகிற இருதயத்துக்கும் தன் காலடியில் இருப்பது தெரியாமல் போகலாம் என்றால், "எனக்குள் மாயம் இல்லை" என்று எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? தாவீது தன்னைத் தானே ஆராய்ந்து முடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. என்னை ஆராய்ந்துபாரும் என்று தேவனிடம் கேட்டார்.

அதற்காக, நடித்தவன் எவனும் விசுவாசியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து பவுலின் உடன் ஊழியர் பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேராகக் கண்டித்தார். பேதுரு அதற்கு என்ன சொன்னார் என்று கலாத்தியர் நிருபத்தில் இல்லை. எனக்கு அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை. கோபித்துக்கொண்டு எழுந்து போனாரா, தட்டை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தாரா?

அக்காவுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று போன வாரம் முடிவு செய்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். நீளமான செய்தி, நடுவில் இரண்டு வசனங்கள். திரும்பப் படித்தபோது எனக்கே பிடித்திருந்தது. இதைப் படிப்பவர் "எவ்வளவு தாழ்மையான மனிதர்" என்று நினைக்காமல் இருக்கமாட்டார். மொத்தத்தையும் அழித்தேன். இந்தப் பதிவிலும் அந்த வாடை அடிக்கிறதா என்றால், அடிக்கலாம். எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று இரவு எட்டிப் பார்ப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "அக்கா, அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் ஜெபிக்கவில்லை. மறந்துவிட்டேன். நீங்கள் நன்றி சொன்னபோது ஜெபித்ததுபோல் நடித்தேன். மன்னியுங்கள்."

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. "சரி தம்பி. 20ஆம் தேதி அம்மாவுக்கு மறுபரிசோதனை. அதற்கு ஜெபியுங்கள்."

20ஆம் தேதி நேற்று. காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை.