சுவர்க்கடிகாரம் கட்டியவன் பேசுகிறேன்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். புது வாட்சைக் கையில் கட்டி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தையும் அதன் கீழே நடந்த கும்மியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். "சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கையில கட்டிட்டீங்களாண்ணே" என்று கேட்ட தம்பி மேல் எனக்குக் கோபமே இல்லை. சிரித்துவிட்டேன். ஆனால் என் படத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப்போய்த் தன் பக்கத்தில் மாட்டி, "ஒல்லிக் கைக்காரர்கள் செய்யக் கூடாதவை" என்று நாலு பத்திக்கு வகுப்பெடுத்தாரே ஒரு நண்பர், அவருக்காகத்தான் இது. பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

சரி, கணக்கிலிருந்து தொடங்குவோம். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, எழுதியே விட்டேன். நான் கட்டியிருப்பது டியூடர் பெலகோஸ், டைட்டானியத்தில் செய்த டைவ் வாட்ச், 42 மி.மீ. நண்பர் இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட்டார். 42 என்பது வாட்ச் உறையின் குறுக்களவு, அதாவது விட்டம். ஒரு வாட்ச் கையில் உட்காருமா உட்காராதா என்பதை அது மட்டும் முடிவு செய்வதில்லை. வார் மாட்டுகிற காது இருக்கிறதே, லக், மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரைக்கும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். என்னுடையதில் அது 50 மி.மீ. மணிக்கட்டின் மேல்பக்கத்தில் தட்டையாக இருக்கிற இடத்தை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன், 52. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் மிச்சம். தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே நீட்டவில்லை.

விட்டத்தை மட்டும் பார்க்கிறவர்களிடம் ஒரு கேள்வி. சீக்கோவின் எஸ்கேஎக்ஸ் டைவ் வாட்சைக் கட்டாத வாட்ச் பைத்தியம் உண்டா? 42 மி.மீ.க்கும் மேல்தான். ஒல்லிக் கை, குண்டுக் கை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு உட்காரும், ஏனென்றால் லக் குட்டை. 1975இல் வந்த அதே கம்பெனியின் டூனா என்கிற டைவ் வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் டப்பா மாதிரி இருக்கும், விட்டம் 50க்குப் பக்கம். லக் வெளியே தெரியாமல் உறைக்குள் அடங்கிவிடுவதால் அதைக்கூடச் சின்னக் கைக்காரர்கள் கட்டுகிறார்கள். இந்தப் பக்கம், 40 மி.மீ. என்று சாதுவாகப் பெயர் வாங்கிய எத்தனையோ வாட்சுகள் நீள லக்கை வைத்துக்கொண்டு மணிக்கட்டுக்கு வெளியே பாலம் கட்டி நிற்கும். ஸ்டீல் செயினாக இருந்தால் லக்கை அடுத்த முதல் கண்ணி வளைகிறதா, விறைத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விறைத்து நின்றால் லக் நுனிக்கு நுனி 48 என்று எழுதியிருப்பது கையில் 53 ஆகிவிடும். இதெல்லாம் அந்த நாலு பத்தியில் எங்கே? விட்டம், விட்டம், விட்டம்.

அப்புறம் அந்தப் படம். நான் எடுத்த படம்தான், தப்பும் என்னுடையதுதான். செல்பேசியை மணிக்கட்டுக்கு ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் பிடித்து எடுத்தேன். வாட்ச் 14 மி.மீ. தடிமன். அதன் முகம் லென்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணிக்கட்டின் அகலமான பகுதி அதற்கு மூன்று, மூன்றரை செ.மீ. கீழே இருக்கிறது. 15 செ.மீ.யிலிருந்து எடுத்தால் பக்கத்தில் இருப்பது கைக்கு முன்னால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். லென்சுக்கு எதிரே மூக்கை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால்தான் மற்றவர்கள் கண்ணில் நம் வாட்ச் எப்படித் தெரிகிறது என்பது தெரியும். யாரும் என் கைக்கு அரையடியில் கண்ணை வைத்துக்கொண்டு என்னோடு பேசுவதில்லை. நண்பர் வேண்டுமானால் அப்படிப் பேசுவார் போல.

"டைவ் வாட்ச் எதுக்கு, நீங்க கடல்ல குதிக்கப் போறீங்களா?" இந்தக் கேள்வி மட்டும் 11 பேர் கேட்டிருந்தார்கள். எண்ணினேன். இல்லை ஐயா, குதிக்கப் போவதில்லை. பெலகோஸ் 500 மீட்டர் ஆழம் தாங்கும் என்கிறார்கள், எனக்கு 500 மீட்டர் ஆழத்தில் எந்த வேலையும் இல்லை. ஆனால் நீங்கள் கட்டியிருக்கிற 200 மீட்டர்காரனுக்கு மட்டும் என்ன வேலை இருக்கிறது? பொழுதுபோக்குக்கு ஸ்கூபா போகிறவர்களே 40 மீட்டரோடு நின்றுவிடுகிறார்கள். டைவ் வாட்சுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6425 கேட்பது குறைந்தது 100 மீட்டர். அந்தக் கணக்கில் நாம் எல்லோருமே வேஷம் போடுகிறவர்கள்தான், என் வேஷம் உங்களுடையதை விட 2 மி.மீ. பெரிது. எனக்கு அந்தப் பெசல், டயலைச் சுற்றியிருக்கும் வளையம், பிடிக்கும். ஒரே பக்கம்தான் சுற்றும். தண்ணீருக்குள் தெரியாமல் இடித்துத் திரும்பினாலும் மிச்ச நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அப்படி யோசித்து வைத்தவன் மேல் எனக்கு மரியாதை உண்டு. மதியம் குட்டித் தூக்கத்துக்குச் சாயும்போது அதிலிருக்கும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைப்பேன், இருபது நிமிடம். கடலுக்கு அடியில் அல்ல, நாற்காலியில்.

"1953இல் வந்த முதல் ரோலெக்ஸ் சப்மரைனர் 40 மி.மீ.கூட இல்லை, அதைக் கட்டித்தான் முக்குளித்தார்கள்" என்று ஒருவர் வரலாறு சொன்னார். உண்மை. ஆனால் 1930களிலேயே இத்தாலியக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்கு பானராய் கம்பெனி செய்து கொடுத்தது 47 மி.மீ. வரலாறு இரண்டு பக்கமும் இருக்கிறது, தனக்கு வேண்டியதை மட்டும் கிழித்துக்கொண்டு வந்தால் எப்படி? அந்த சப்மரைனரே 2020இல் 41 ஆகிவிட்டது. ரோலெக்ஸ் 2022இல் 50 மி.மீ.யில், 11,000 மீட்டருக்கு ஒன்று விட்டது. அதை நான் கட்டவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்.

"டியூடர்லயே பிளாக் பே 54 வாங்கியிருக்கலாமே, 37 மி.மீ., அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்." இருக்கும்தான். கட்டிப் பார்த்தேன், அழகான வாட்ச். மனசு அதில் நிற்கவில்லை. இதற்கு மேல் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

சட்டைக் கைக்குள் போகாது என்கிறார்கள். போகாது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது நாளே கதவு நிலையில் இடித்துக் கொக்கிப் பக்கம் ஒரு கீறல், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "கை கீழே இழுத்துப் போகும்" என்றவர் டைட்டானியத்தைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். அடர்த்தி ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். வெயிலில் கை வீங்கினாலும் சுருங்கினாலும் அந்தக் கொக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் தானாக விட்டும் பிடித்தும் கொடுக்கிறது. ஒல்லிக் கைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பது காலையில் இறுக்கமாகவும் மாலையில் வளையல் மாதிரியும் வாட்ச் கட்டி அலைந்தவனுக்குத்தான் தெரியும்.

வளையல் என்றதும் ஞாபகம் வருகிறது. எட்டாம் வகுப்பில் எங்கள் வகுப்பிலேயே பெரிய பையன் ஒருவன் என் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சுற்றிப் பிடித்தான். விரல் நுனிகள் தொட்டதோடு நிற்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். "இன்னொரு கையையும் குடுடா, சேர்த்துப் பிடிக்கிறேன்." கொடுத்தேன். அதுதான் இன்றைக்கும் எரிகிறது, அவன் கேட்டான், நானும் கொடுத்தேன். அதற்கப்புறம் பள்ளி முடியும் வரை முழுக்கைச் சட்டைதான். எந்த வெயிலிலும்.

என் அப்பாவுக்கும் இதே கைதான். அவருடைய வாட்ச் வாரில் கம்பெனி போட்ட ஓட்டைகள் முடிந்த பிறகு, ஆணியைச் சுட்டு அவரே போட்ட ஓட்டை இரண்டு இருக்கும். ஓரம் கருகி, கொஞ்சம் கோணலாக. மிச்ச வார் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதை மடித்து உள்ளே செருகுவார். பெரிய வாட்ச் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நிற்பார், "நம்ம கைக்கு எதுக்குப்பா" என்று நகர்ந்துவிடுவார். இந்த வாட்சை வாங்கப் போனபோது கடையில் நின்ற பையன் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், நான் வாய் திறப்பதற்குள் சின்ன வாட்சுகள் இருக்கிற தட்டை எடுத்து முன்னால் வைத்தான். மரியாதையாகத்தான் வைத்தான். எனக்கு அப்பா குரல் கேட்டது. பக்கத்துத் தட்டைக் காட்டினேன்.

"அப்போ தாழ்வு மனப்பான்மைக்குத்தானே கட்டினீங்க?" என்று இப்போது யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். எழுதுங்கள். கொஞ்சம் இருக்கலாம். நீங்கள் எல்லோரும் நேரம் பார்க்க மட்டும்தான் வாட்ச் கட்டுகிறீர்கள் என்று நானும் நம்பிக்கொள்கிறேன். என் படத்தைப் பந்தா என்று சொன்னவர் தன் மூன்று வாட்சையும் வரிசையாக அடுக்கி வைத்துப் போட்ட படத்துக்கு நான் இதயம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது பந்தாவாகத் தெரியவில்லை. அவர் கை 19 செ.மீ., அதனால் அது ரசனை. என் கை 16, அதனால் இது பந்தா.

நண்பரே, உங்களுக்குக் கடைசியாக. "தகுந்த அளவு" என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள். வாட்சைப் பற்றித்தான் எழுதினேன் என்பீர்கள். வாட்சைப் பற்றி எழுத என் கை எதற்கு? உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர், "முதல்ல உடம்பைத் தேத்தச் சொல்லுங்க" என்று எழுதியதற்கு நீங்கள் சிரிப்பு பொம்மை போட்டீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். விட்டத்துக்காக இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

படத்தை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் நல்லெண்ணத்தோடு கேட்டவர்களுக்கு: நீக்கவில்லை. இன்று மாலை ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று இன்னொன்று எடுத்திருக்கிறேன், கீழே இருக்கிறது. அரைக்கைச் சட்டை.